தனித் தட்டு

அந்தத் தட்டு ஒரு சின்ன மேசை அளவு இருந்தது. அதன்மேல் ஈரத்துணியை விரித்ததுபோலச் சாம்பல் நிறத்தில் ஓர் அகலமான ஆப்பம், உடம்பெல்லாம் துளைகள். இன்ஜெரா என்று பெயராம். மூன்று நாள் வெளியில் கிடந்த இட்லி மாவின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பெங்களூரில் அந்த எத்தியோப்பிய உணவகத்துக்கு மேனேஜர் எங்கள் ஐந்து பேரைக் கூட்டிப் போயிருந்தார். அதில் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல்காரர்கள் இரண்டு பேர்: பாலகாட் குடியிருப்பிலிருந்து நான், ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து அக்கா. தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்த பழக்கத்தில்தான் அவர் எனக்கு அக்கா ஆனார். அவருடைய கைகளில் வெண்புள்ளிகள் உண்டு. விரல் நுனிகள் முழுக்க வெளுத்திருக்கும். அவருடைய சாப்பாட்டு டப்பாவில் எத்தனையோ நாள் நானும் கை வைத்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே தட்டில் பிய்த்துச் சாப்பிட வேண்டும், ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும், அதுதான் அந்த நாட்டு மரியாதை என்று மேனேஜர் விளக்கினார். விளக்கிக்கொண்டே விரல்களை நக்கினார். நக்கிய விரல்களாலேயே ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து என் வாய்க்கு நேரே நீட்டினார். நகத்தில் எச்சில் மினுங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்தேன். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். அடுத்து அக்கா தட்டை நோக்கிக் கை நீட்டியதும், மேனேஜர் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, அக்காவுக்கு மட்டும் தனித் தட்டு கொண்டுவரச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா, மத்தவங்க சங்கடப்படுவாங்க இல்ல" என்று சிரித்தார்.

அக்காவின் முகம் மாறவில்லை. "தனி பிளேட்டே நல்லதுங்க சார். நீங்க வெரல நக்கி நக்கி அதுலயே கைய வெக்கிறீங்க. பாக்கவே எனக்கு கொமட்டுது" என்றார், ரயிலில் நகர்ந்து உட்காரச் சொல்லும் அதே குரலில்.

நான் எழுந்துபோய் வாயில் இருந்ததைத் துப்பி, மூன்று முறை கொப்பளித்தேன். திரும்பி வந்து நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இன்னா பாக்குற, சாப்புடு" என்று தன் தட்டை நகர்த்தினார். பருப்புக் குழம்பின் காரமும் அந்தப் புளிப்பும் சேர்ந்ததும் நாக்குக்குப் பிடித்துவிட்டது. இருவரும் வழித்துச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக நான் வெளியில் எங்கும் சாப்பிட்டதில்லை.

அடுத்த வாரமே அக்காவைப் பழைய கோப்புகள் கிடக்கும், ஆள் வராத ஓர் அறைக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் வேலையை விட்டார். இப்போது பங்காருபேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறார். ஸ்டேஷனில் எப்போதாவது பார்த்தால், "அந்த ஆளு இன்னும் ஊட்டி வுடுறாரா?" என்று கேட்பார்.

"இல்லக்கா" என்பேன்.

போன மாதம் மேனேஜருக்குப் பிறந்தநாள். கிரீம் வழியும் விரல்களால் ஒரு கேக் துண்டை என் முன் நீட்டினார். சுற்றிலும் கைதட்டினார்கள். வாயைத் திறந்தேன். இந்த முறை எழுந்து போகவில்லை, விழுங்கிவிட்டேன்.