மாரியில் ருசி பார்த்த நாலு கிணறுகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அரியாலையிலிருந்து புறப்பட்டோம். கார்த்திகை மழை இரவு முழுவதும் கொட்டி, விடிந்த பிறகும் தூறிக்கொண்டிருந்தது. வாடகைக் கார், நாளுக்கு ஆறு ரூபாய், பெற்றோல் எங்கள் பாடு. சாரதி செல்லத்துரைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெற்றிலை ஓய்ந்தால் பேச்சு, பேச்சு ஓய்ந்தால் வெற்றிலை. என் மனைவி பாக்கியம் ஒரு பித்தளைச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவளுடைய அக்கா வாசல் படலை வரை வந்து, "துலைக்கே?" என்று கேட்டாள். புறப்படுகிறவர்களிடம் எங்கே என்று கேட்பது சகுனப் பிழை. தூரமா என்றுதான் கேட்க வேண்டும். எங்கே போகிறோம் என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கு எரிச்சலாக வந்தது.

விஷயம் இதுதான். நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். லீவு முடிகிறது, திங்கள் மாலை கொழும்பு மெயில், பிறகு கப்பல். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. குவாட்டர்ஸ் குவாட்டர்ஸாக மாறிக் குடியிருந்தது போதும், இனி நான் வரவில்லை என்று பாக்கியம் இந்த லீவில் சொல்லிவிட்டாள். "எனக்கெண்டு ஒரு கிணறு வேணும்" என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை. அவள் இல்லாமல் மூன்று வருடம் என்று நினைத்தாலே எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேறு கதை சொன்னேன்: "இந்த மாரியிலையே பாப்பம். நல்ல தண்ணி உள்ள வளவு கிடைச்சால் வாங்குவம், நீர் இரும். கிடையாட்டில் என்னோடை வாரும்." தரகர் சொன்ன நாலு வீட்டு வளவுகளில் மூன்று வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம். அங்கே பல கிணறுகள் உப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கோப்பாய் தாண்டியதும் செம்மண் கரைந்து றோட்டே சிவப்பாக ஓடியது. முதல் வளவு நீர்வேலியில், வாழைத் தோட்டத்துக்கு நடுவே. பாக்கியம் கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளுவித்து, ஒரு மிடறை வாயில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர்தான். "றோட்டுக்குக் கிட்ட. வண்டில் சத்தத்திலை நித்திரை வராது" என்றேன். அவள் செம்பைக் கவிழ்த்து உதறிவிட்டுக் காரில் ஏறினாள்.

வல்லை வெளியில் வீடும் இல்லை, மரமும் இல்லை. இரு பக்கமும் நீர். காற்று காரின் கூரைத் துணியைப் பிய்க்கப் பார்த்தது. பாலத்துக்கு இப்பால் றோட்டின்மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. நட்டநடுவில் எஞ்சின் நின்றுவிட்டது.

"ஐயா, இறங்கித் தள்ளவேணும். அம்மா இருக்கட்டும்" என்றான் செல்லத்துரை.

தள்ளினேன். கால் வழுக்கி, சட்டை வேட்டியோடு தண்ணீரில் குந்திவிட்டேன்.

"தண்ணி பாக்க வெளிக்கிட்டு, தண்ணிக்கையே இருந்திட்டியள்!" என்றான் அவன். பாக்கியம் காருக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோலாலம்பூரில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

நண்பகலுக்குக் கரவெட்டி. இங்கே கிணறு முட்ட நிறைந்திருந்தது. துலாவே வேண்டாம், குனிந்து செம்பால் மொள்ளலாம். உப்பாக இருக்கும் என்று நம்பி, அவளுக்கு முன் நானே வாங்கிக் குடித்தேன். துளி உப்பில்லை.

"முற்றமெல்லாம் வெள்ளம் நிக்குது" என்றேன்.

"மாரியிலை எங்கைதான் நிக்காது?"

அன்று மாலை பருத்தித்துறை. யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்தொரு மைல். வல்லைப் புண்ணியத்தில் எங்களுக்கு அது ஒரு பகல். கடல் கொந்தளிப்பால் தோணிகளையெல்லாம் கரையில் இழுத்து விட்டிருந்தார்கள். மூன்றாவது வளவு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம்; அந்தக் கிணறாவது என்னைக் கைவிடாது என்று இருந்தேன். அதுவும் நல்ல தண்ணீர்! "கடல் இரையுது, இருக்கேலாது" என்றேன்.

"அப்ப கப்பலிலை எப்பிடிப் போகப் போறியள்?" என்றாள்.

வாடிவீட்டில் தங்கினோம். அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் விறாந்தையில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை கொடிகாமம் வழியாகத் திரும்பினோம். வயல்களில் நெல் பச்சைப் பசேலென்று நின்றது. பார்க்க வேண்டிய காட்சிதான், நான் பார்க்கவில்லை. மிஞ்சியது ஒரே கிணறு, கைதடியில். கடலேரிக்குப் பக்கத்து வளவு. கொழும்பில் மகனோடு போயிருக்கப் போகிற ஒரு கைம்பெண் அதை விற்கிறார். பாக்கியம் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றாள். என் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

அந்த அம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "தம்பி, மாரியிலை வந்தே தண்ணி ருசி பாக்கிறியள்? இப்ப நீங்கள் குடிக்கிறது மழைத் தண்ணி. ஆடி, ஆவணியிலை குடிச்சுப் பாருங்கோ. உதிலை பருப்பு அவியாது, சவுக்காரம் நுரைக்காது. விக்கிற நான் சொல்லாமல் விட்டால், நாளைக்கு என்னையெல்லோ திட்டுவியள்."

நான் இணுவிலில் பிறந்தவன். எங்கள் கிணறுகள் எந்த மாதமும் ஒரே மாதிரி; மாரித் தண்ணீர் வேறு, கோடைத் தண்ணீர் வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பாக்கியம் அரியாலைக் கரையில் வளர்ந்தவள்.

"உமக்கு உது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். மாரியிலை பாப்பம் எண்டு சொன்னது நீங்கள்தானே" என்றாள்.

கோபிக்க எனக்கு நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம். "பாரும், மாரியிலை ஒண்டும் முடிவெடுக்கேலாது! இப்ப என்னோடை வாரும். பிறகொரு கோடையிலை லீவு எடுத்து வந்து பாப்பம்" என்றேன்.

அவள் செம்பில் மிச்சமிருந்ததைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினாள். "அதுக்கேன் நான் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வாறது? அக்காவோடை ஆடி வரைக்கும் இருந்து, நாலையும் குடிச்சுப் பாக்கிறன்."

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். செல்லத்துரை வெற்றிலையைத் துப்பப் போகிற சாக்கில் வேலிப்பக்கம் திரும்பிச் சிரித்தான்.

திங்கள் மாலை ஸ்டேஷனிலும் மழை. ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றவளிடம், இவ்வளவு நாளும் சொல்லாததைச் சொன்னேன்: "நீர் இல்லாமல் எனக்கு அங்கை இருக்கேலாது."

"தெரியும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஆடியிலை உப்பெண்டால் வருவீர்தானே?"

"உப்பெண்டால் வேறை கிணறு பாப்பன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

வண்டி நகர்ந்தது. சாவகச்சேரி தாண்டும்வரை என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் குவாட்டர்ஸில் குழாயைத் திறந்தால் பன்னிரண்டு மாதமும் ஒரே தண்ணீர், ஒரே ருசி. இனி அதை நான் தனியாகத்தான் குடிக்க வேண்டும்.