கூடு விற்கிறவன்

நோன்புப் பெருநாளைக்கு நான் கேட்டது சாறி. என் புருஷன் கொண்டு வந்தது கம்பிக்கூட்டோடு ஒரு பூனை. "பேர்சியன்" என்று கடைக்காரன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே என்னிடம் ஒப்பித்தார். எனக்குத் தலைக்கேறிய கோபம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அந்த வெள்ளைக்குட்டி கூட்டிலிருந்து இறங்கி, நான் தொழுதுகொண்டிருந்த முசல்லா விரிப்பில் ஏறி, என் முக்காட்டு நுனியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கிவிட்டது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். பால் மறக்காத குட்டி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஊர்களில் நாய்க்குட்டி வாங்குவோர் குறைவு, நாயை வீட்டுக்குள் விடமாட்டோம். பூனைக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் இந்தச் சடைப்பூனைகளுக்கு இப்போது பெரிய கிராக்கி. பெருநாள் நெருங்கினால் உடுப்புக் கடைக்காரர்கள் சரக்கு இறக்குகிற மாதிரி பூனைக் கடைக்காரர்கள் குட்டி இறக்குகிறார்கள்.

குட்டிக்கு முதலில் கண்ணில் பீளை கட்டியது. பிறகு வாலடியில் படை, அதற்குப் பிறகு நிற்காத வயிற்றோட்டம். மிருக வைத்தியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாய்ட பால் மறக்க முந்தியே பிரிச்சிட்டாங்க. எங்க வாங்கின?" என்று என்னைத்தான் முறைத்தார். ஊசி போட்டும் பலனில்லை. ஒரு பகல் நேரம் என் மடியிலேயே மூச்சை விட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். "அழாதகா, வேற ஒண்டு வாங்கித் தாறன்" என்றார் என் புருஷன். போன உயிருக்குப் பதில் உயிர் கடையில் தொங்குகிறதாம். அவரோடு பேச எனக்குப் பிடிக்கவில்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு தனியே அந்தப் பூனைக் கடைக்குப் போனேன்.

தகரக் கூரை. உள்ளே புழுக்கமும் மூத்திர நாற்றமும் கண்ணை எரித்தன. கிளி, முயல், பூனைக் கூடுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. முகத்துக்கு நேரே மின்விசிறியை வைத்துக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருந்தான். குட்டி செத்த கதையைச் சொன்னேன். அவன் பதறவே இல்லை.

"ராத்தா, நான் பூனை விக்கிறல்ல. பூனைக்குக் காசு எடுக்கிற கூடாதெண்டு மௌலவிமார் செல்றாங்க. நான் வித்தது கூடு. பூனை ஹதியா, சும்மா குடுக்கிற அன்பளிப்பு. கூட்டுல ஏதும் பழுது இரிக்கா?"

"கூடு நல்லாத்தான் இரிக்கி தம்பி. உள்ள இருந்த உசிருதான் போயிட்டு."

"அது அல்லாஹ்ட நாட்டம்."

 பால்குடியைப் பிடுங்கி விற்றது இவன், பழியைப் போடுவது படைத்தவன் மேல். சில மௌலவிமார் பூனை விற்கலாம் என்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். எந்த மௌலவியும் இப்படி விற்கச் சொல்லவில்லை.

பின்பக்கம் இடுப்பில் உடுத்துகிற ஒரு பழைய சாரம் திரைச்சீலையாகத் தொங்கியது. அதற்குள்ளிருந்து பூனைச் சத்தம் கேட்டது. அவன் எழும்புவதற்குள் சாரத்தை விலக்கிவிட்டேன். திரும்பக்கூட இடமில்லாத ஒரு கம்பிக்கூட்டில் தாய்ப்பூனை கிடந்தது. என் குட்டியின் அதே கண். மயிர் கூட்டுகிற தும்புக்கட்டை மாதிரித் திரண்டிருந்தது, பாதங்கள் கம்பியில் பட்டுப் பட்டுப் புண்ணாகியிருந்தன. பால்காம்புகள் இன்னும் வீங்கிக் கிடக்க, வயிறு மறுபடியும் கனத்துப்போயிருந்தது. இதை இங்கே விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

"நீங்க கூடுதானே விக்கிற? இந்தக் கூட்டைத் தாங்க. கேட்ட காசு தாறன்."

கடையில் முயல் பார்க்க வந்திருந்த ஒரு பெண் சிரித்தாள். அவனும் சிரித்தான். வந்து கூட்டைத் திறந்தான், தாய்ப்பூனையைப் பிடரியில் பிடித்து இழுத்து மேசையில் போட்டான். காலிக் கூட்டை என் கையில் திணித்தான்.

"இந்தாங்க கூடு. ஹதியா குடுக்கிறது என்ட விருப்பம்."

பூனை ஓடவில்லை. கடைக் கதவு திறந்துதான் கிடந்தது. கூட்டுக்குள் எப்படி ஒடுங்கிக் கிடந்ததோ, அதே மாதிரி கால்களை மடக்கி மேசையில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. அதைத் தூக்கக் கை நீட்டினேன், அவன் என் கையைத் தடுத்தான்.

"யா அல்லாஹ், பாவமே!" என்றாள் முயல் பார்க்க வந்தவள். எனக்காகப் பேச ஒருத்தியாவது இருக்கிறாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் குனிந்து பூனையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது எப்ப குட்டி போடும்? வெள்ளையா ஒண்டு எனக்கு எடுத்து வைங்க."