எல்லாரும் அவளுக்குத்தான் போட்டார்கள்!

தோற்றுப்போன வேட்பாளரோடு வீடு வீடாக நன்றி சொல்லப் போயிருக்கிறீர்களா? நான் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வென்றவர்கள் வாகனத்தில் மாலையோடு வருவார்கள். எங்கள் கலைச்செல்வி குடையோடு நடந்து வந்தாள். "அண்ணை, ஒருக்கா உங்கட ஒழுங்கையால வீடு வீடாப் போய் வருவமே?" என்றாள்.

எதற்கு நன்றி? போடாமல் விட்டதற்கா? எனக்குக் கோபம்தான் வந்தது. முடிவு வந்த அன்றே அவளை நன்றாக ஏசியிருந்தேன்... வவுனியாப் பக்கத்தைப் பிரசாரத்தில் ஏன் கைவிட்டாய் என்று. ஆனாலும் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கினேன். முகத்தைப் பார்த்தே ஆர் போட்டது, ஆர் ஏமாற்றியது என்று பிடித்துவிடலாம் என்ற எண்ணம். எனக்குச் சந்தேகப் புத்தி என்பது உங்களுக்குத் தெரியாததா?

கலைச்செல்வியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில் எங்கள் குளம். குளத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் நாங்கள் – யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் காணி எடுத்த குடும்பங்கள். அந்தப் பக்கம், காட்டோரத்தில், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். எங்கள் வயலில் களை பிடுங்கியதும், நெல் விளைய அருவி வெட்டியதும் அவர்கள்தான். எங்கள் காணிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் காணிக்கு இன்றுவரை ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

கலைச்செல்வி அந்தப் பக்கத்துப் பிள்ளை. முன்பள்ளி ரீச்சர். காணி விஷயமாக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவள். பாராளுமன்றத்தில் கேட்க ஆள் இல்லாவிட்டால் இந்த அலுவல் நடக்காது என்று கண்டுதான் தேர்தலில் நின்றாள். கட்சிப் பட்டியலில் அவளுக்கு ஐந்தாம் இலக்கம் விழுந்தது.

கட்சி அவளுக்கு ஏன் இடம் கொடுத்தது? அங்கேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்து வாக்குகளை அள்ள ஒரு முகம் வேண்டும். ஆனால் அந்த முகம் வென்றும் விடக் கூடாது! எங்கள் தேர்தல் முறை தெரியும்தானே? முதலில் கட்சிக்குப் புள்ளடி. பிறகு அதே கட்சிக்குள் மூன்று பேரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்கு. அது கூட விழுந்தவருக்கே ஆசனம். ஆகவே எதிரியைத் தேடி அடுத்த கட்சிக்குப் போகத் தேவையில்லை. ஒரே மேடையில், பக்கத்துக் கதிரையில், பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பான்.

பிரசாரம் முழுக்க அவளோடு திரிந்தேன். விடாத மழை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில்தான் – ஓம் பிள்ளை, உனக்கில்லாமல் வேற ஆருக்கு?

எங்கள் சனத்துக்கு இல்லை என்று சொல்ல வராது. வாசலுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணியும் ஒரு ஓமும் கொடுக்காமல் அனுப்புவது மரியாதைக் கேடு. காலையில் வந்த வேட்பாளருக்கும் ஓம். பின்னேரம் வந்தவருக்கும் ஓம். இந்த ஓமை நம்பி வாக்கு எண்ண முடியுமா?

ஆகவே நான் வேறு கணக்குப் பார்த்தேன். எந்த வீட்டில் அவளை உள்ளே கூப்பிட்டு இருத்துகிறார்கள்? எந்த வீட்டில், அந்த மழையிலும், வெளியே தாழ்வாரத்தில் கதிரை போடுகிறார்கள்? தேத்தண்ணி வீட்டுக் கோப்பையிலா, குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்ரிக் கப்பிலா? தாழ்வாரமும் பிளாஸ்ரிக் கப்பும் என்றால் அந்த வீட்டை மனதுக்குள் வெட்டிவிடுவேன். ஒரு வீட்டில் நாங்கள் வாசற்படலையைத் தாண்டுமுன்பே, "இனித் தோட்டக்காட்டார்தான் எங்களுக்கு எம்பியாம்" என்று பின்னால் ஒரு குரல். மலையகத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லுகிற பேர் அது. அவளுக்கும் கேட்டிருக்கும். குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

முடிவில் என்ன நடந்தது? கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதில் வேறொருவர் போய் இருந்தார். ஐந்தாம் இலக்கம் கீழே எங்கேயோ கிடந்தது. ஒழுங்கையில் எத்தனை பேர் கட்சிக்குப் போட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போனார்கள்? அது பெட்டிக்குள் போட்டவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முதலில் மணியத்தார் வீடு. பிரசார நேரம் தாழ்வாரத்தில் கதிரை போட்ட மனிதர். இப்போது உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதிரையைத் துவாயால் துடைத்து இருத்தினார். நாங்கள் வாய் திறக்கவில்லை, அவர் தொடங்கிவிட்டார்: குடும்பமாக ஐந்தாம் இலக்கத்துக்குத்தான் போட்டார்களாம். அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் பிள்ளையாரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். எல்லாரும் போட்டிருக்கிறார்கள் ஐயா! பிறகு இவள் எப்படித் தோற்றாள்?

ஒழுங்கையின் கடைசியில் பரமேஸ்வரி அக்கா வீடு. பிரசாரத்தின்போது படலையிலேயே நிறுத்தி இரண்டு வார்த்தை கதைத்து, தேத்தண்ணியும் தராமல் அனுப்பியவா. நான் முதலிலேயே வெட்டிவிட்ட வீடு. இப்போதும் படலைதான். ஆனால் கலைச்செல்வியைக் கண்டதும் அக்கா ஏசப் பிடித்துக்கொண்டா.

"உனக்கென்ன விசரே? நாயாற்றுப் பக்கம் ஒருக்கா எண்டாலும் போனனியே? தண்ணீரூற்றில ஒரு கூட்டம் வைச்சனியே? உன்ர கட்சி ஆக்களே உன்ர நோட்டீசுக்கு மேல தங்கடை நோட்டீசை ஒட்ட, நீ பாத்துக்கொண்டு நிண்டனீ. என்ர வாக்கையும் அநியாயமாக்கிப் போட்டாய்."

ஏசிக்கொண்டே உள்ளே போனா. ஒரு பை நிறையப் பயிற்றங்காய் கொண்டுவந்து கலைச்செல்வியின் கையில் திணித்து, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னா. பிறகு படலையைச் சாத்திவிட்டா.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. தோற்ற பிள்ளையை இப்படியா பேசுவது? திரும்பிப் பார்த்தால், கலைச்செல்வி சிரித்துக்கொண்டு வருகிறாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் காணாத சிரிப்பு. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"அண்ணை, எனக்கு ஆர் போட்டது எண்டு இப்ப தெரியும்" என்றாள். "போட்ட ஆக்களுக்கு, தாங்களும் என்னோட சேந்து தோத்த மாதிரி. அதுதான் கோவம் வருது. போடாத ஆக்களுக்கு என்ன கோவம்? நாங்கள் கேக்க முன்னமே, போட்டனாங்கள் எண்டு சொல்லுவினம்."

பயிற்றங்காய்ப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நன்றி சொல்ல மட்டும் வரேல்லை அண்ணை. அடுத்தமுறை எந்த வீட்டில தொடங்கவேணும் எண்டு பாக்கவும்தான் வந்தனான்."

கோப்பையும் கதிரையும் பார்த்துத் திரிந்த என்னுடைய சந்தேகமெல்லாம் இவளின் கால்தூசிக்குக் காணாது! மனதுக்குள் பெரிய சந்தோஷம். இந்தப் பிள்ளை ஒருநாள் வெல்லும். அந்தக் காட்டோரத்துக் குடும்பங்களுக்குத் துண்டு கிடைக்கும். அந்தச் சந்தோஷத்தோடேயே அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி ராஜி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தா. உள்ளே கூப்பிட்டு நல்ல கதிரையில் இருத்தினா. அலுமாரியைத் திறந்து, விருந்தாளிக் கோப்பையை எடுத்தா. எனக்கு அந்தக் கோப்பையில் ஒருநாளும் தேத்தண்ணி கிடைத்ததில்லை.

தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, ராஜி வாய் நிறையச் சிரித்தா.

"எங்கட வீட்டில ரெண்டு வாக்கும் உனக்குத்தானே, பிள்ளை."

கலைச்செல்வி ஆறுதலாகக் குடித்தாள். நல்ல தேத்தண்ணி அக்கா என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பயிற்றங்காய்ப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படலைவரை கொண்டுபோய் விட்டேன். குடையை விரித்தவள் ஒரு கணம் நின்றாள்.

"அண்ணை, அடுத்தமுறை உங்கட வீட்டிலதான் தொடங்கவேணும்."

ராஜியிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டு என்ன... ஓம் என்றுதான் சொல்லுவா!