கிணற்றுக்குள் தொங்கிய இரண்டு பித்தளைக் கம்பிகள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுத்த வாத்தியார், "ஒன் எழுத்தப் படிக்கிறதுக்கு எனக்குத் தனியாச் சம்பளம் தரணும்டா" என்றார். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம், மோட்டார்க் காயிலுக்குச் செம்புக் கம்பி எத்தனை சுற்று என்று அட்டையில் குறித்து வைக்கத்தான்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர், வடுகபட்டிப் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் கம்பிப் பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வந்த சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அது கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை. தேனியில், மோட்டார் காயில் கட்டும் எங்கள் கடையில், என் மடியில் பிறந்தது. யாராவது ஒருவர் இதை எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் எவனும் அன்றைக்கு அங்கே இல்லை.

எங்கள் கடை மோட்டார்களுக்கு ஆஸ்பத்திரி மாதிரி. வந்து இறங்கும் மோட்டார் எதனால் செத்தது என்பதை மூடியைக் கழற்றும் முன்பே என் மூக்கு சொல்லிவிடும். பாதிக்கு மேல் ஒரே சாவுதான். தோட்டத்துக்கு மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தி, அது மேலே வராமல் ஒரு குச்சியைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் முதலில் சீல் கருகும், பிறகு தண்டு சூடேறி இறுகும், கடைசியில் காயில் புகைந்து எங்கள் கடைக்கு வண்டி ஏறும். எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் குச்சிதான்.

எனக்கு ஒரு சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் மட்டும் ஒழுங்காகப் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன் ஆகிவிட்டான். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும். "என்ன மாப்ளே, பொண்ணுக்குக் கரண்ட் வருதான்னு பாக்கப் போறியா?" என்று கேட்டு அவனைப் பல பந்தியில் தலைகுனிய வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று மட்டும் மில்லுக்குள் வெளியாட்களை விடுவார்கள். தொழிலாளிகளின் வீட்டார் எல்லாரும் புதுத்துணியோடு வந்து சுற்றிப் பார்ப்பார்கள். நானும் அவன் வீட்டாளாகப் போனேன். பூஜை முடிந்து, காட்டுவதற்காக ஒரு மெஷினை ஓடவிட்டிருந்தார்கள். விரல் கனத்தில் பஞ்சுத்திரி ஒன்று பாம்பு மாதிரி ஓடி, இரண்டு சின்ன இரும்பு உருளைகளுக்கு நடுவே நுழைந்துகொண்டிருந்தது.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"இதுதான் சென்சார். திரி அறுந்தா மெஷினு தானா நின்னுரும்" என்றான், அவனே பெற்றுப் போட்ட மாதிரி.

"நிக்காது."

"நிக்கும்டா."

நான் கையை நீட்டித் திரியைப் பிய்த்தேன். அத்தனை பெரிய மெஷின் டக்கென்று நின்றது. தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மேஸ்திரி ஓடி வந்தார். நான் பக்கத்தில் சுண்டல் வாங்க நின்ற வரிசையில் போய் நின்றுகொண்டேன். திட்டெல்லாம் அவன்தான் வாங்கினான்.

ஆனால் அந்த ஒரு நொடி எனக்குள் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவனைக் குடைந்தேன். விஷயம் இவ்வளவுதான்: இரண்டு உருளைக்கும் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் பஞ்சு இருக்கும்வரை ஒன்றையொன்று தொடாது. பஞ்சு போனால் தொடும், கரண்ட் பாயும், மெஷின் நிற்கும்.

அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் எனக்கு இதே கண்ணாக இருந்தது. லாண்டரிக் கடையில் கரண்ட் இஸ்திரிப் பெட்டி டிக் என்று அணைந்து டிக் என்று எரிந்தால், உள்ளே ஒரு தகடு சூட்டில் வளைகிறது என்று கடைக்காரருக்கு நான் பாடம் எடுத்தேன். போடியில் ஏலக்காய் உலர்த்தும் அறையின் காற்றாடி மோட்டாரைக் கட்டிக் கொடுக்கப் போனபோது, அங்கே சுவரில் ஒரு டப்பா. அறைக்குள் சூடு கூடினால் காற்றாடியை ஓடவிடுகிறது, குறைந்தால் நிறுத்துகிறது. ஏலக்காயின் பச்சை நிறம் கெடாமல் அது காவல் இருக்கிறது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு டீசல் முள்ளைப் பார்த்தேன். டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை அந்த முள்ளை ஆட்டுகிறது. கண் இல்லாத சாமான்களெல்லாம் பார்க்கின்றன, கை இல்லாத சாமான்கள் தொட்டுப் பார்க்கின்றன. நம் கிணற்று மோட்டார் மட்டும் குருடாக ஓடிச் சாகிறது.

அந்தச் சமயம் வந்து சேர்ந்ததுதான் கொடிக்கால் அக்காவின் மோட்டார். வடுகபட்டிக்குக் கிழக்கே அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால். வீட்டுக்காரர் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை இறங்குவார். கொடிக்கால் முழுக்க அக்கா கையில்தான். ஒரே கோடையில் அந்த மோட்டார் எங்கள் கடைக்கு இரண்டாம் தடவையாக வந்திருந்தது.

"குச்சி செருகுனியாக்கா?"

"செருகாம? கரண்டு காலையில வருது. வெத்தல யாவாரியும் காலையிலதான் எடுக்குறாரு. கெணத்துக்கிட்ட ஒக்காந்தா எல கருகுது. எலயக் கொண்டு போனா மோட்டாரு கருகுது. நான் என்ன ரெண்டாளா?"

"ஒரு ஆள நான் செஞ்சு தரவா?"

"ஏலே, ஒனக்கு எப்பவும் வெளாட்டு. கொடிக்கு நாலு நாளு தண்ணியில்லைன்னா மண்டை தொங்கிரும். செத்துச்சுன்னா மறுபடி நட்டு எல கிள்ள ஒரு வருசம் ஆகும். அத நெனச்சுப் பேசு."

அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் குரல் காய்ந்திருந்தது. நான் விளையாட்டை நிறுத்திவிட்டு, என் மீசையைத் தொட்டுச் சொன்னேன்: "அக்கா, இனிமே தண்ணியில்லாம ஓடி இந்த மோட்டாரு எங்க கடைக்கு வந்தா, இத எடுத்துர்றேன்." அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்த மீசை. கடையில் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சிநேகிதன் உட்பட.

யோசனை என்னுடையது, சர்க்யூட் அவனுடையது. மறைக்க மாட்டேன். மில்லில் பஞ்சு நடுவில் இருந்தால் கரண்ட் பாயாது. கிணற்றில் அதைத் திருப்பிப் போட்டேன். இரண்டு பித்தளைக் கம்பிகள், நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டும் தண்ணீரில் நின்றால் தண்ணீர் வழியாக எறும்பு ஊர்கிற அளவுக்குக் கரண்ட் போகும். போனால் மோட்டார் ஓடலாம். தண்ணீர் கம்பியை விட்டு இறங்கினால் கரண்ட் அறும், ஸ்டார்ட்டர் விழும், மோட்டார் நிற்கும். பழைய ரேடியோ டிரான்ஸ்பார்மர், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை அறுக்கிற, கடையில் கிடந்த ஒரு ரிலே, தேக்குப் பெட்டி ஒன்று. அவன் ஈயம் பற்றவைத்தான். நான் பக்கத்தில் இருந்து குறை சொன்னேன்.

கொண்டுபோய்ப் பொருத்திய அன்று அவன் ஷிப்டு முடிந்து பூட்ஸோடு வந்தான். கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் போகக் கூடாது. அக்கா அவனை வரப்பிலேயே நிறுத்திப் பூட்ஸைக் கழற்ற வைத்தார். "பெரிய மில்லு எஞ்சினியரு, ஓட்டை சாக்ஸப் பாருங்க" என்று நான், கொடி ஏறி நின்ற அகத்தி மரங்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னேன்.

மோட்டாரை ஓடவிட்டேன். கயிற்றைப் பிடித்துக் கம்பிகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். மோட்டார் நின்றது. இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன், ஓடியது. தூக்கினேன், நின்றது. அக்கா கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, தானே நாலு தடவை தூக்கிப் பார்த்தார்.

"சொன்ன பேச்சுக் கேக்குதேடா" என்றார்.

அன்று நான் ஊருக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இந்தப் பெருமைக்கு இடம் பத்தாது என்று பட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்கா கடை வாசலில் நின்றார். எப்போதும் கையில் இருக்கும் வெற்றிலைக் கூடை இல்லை.

"ஓடிருச்சுடா" என்றார். "தண்ணி தீந்தும் ஓடிருச்சு. நல்லவேள, யாவாரி வரலைன்னு எலயத் தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். சத்தம் மாறிக் கேட்டுச்சு. ஓடிப் போய் மெயின எறக்குனேன். கருகுன வாசம் வந்திருச்சு."

அவர் சொன்னதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, காயில் தப்பிவிட்டது. சீல் மட்டும் போயிருந்தது. அன்று வேலை செய்தது அக்காவின் காது, என் கம்பி இல்லை. கடையில் ஒருவன் ஏற்கெனவே சவரக்கத்தி எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தான். சிநேகிதனுக்கு ஆள் போனது. அவன் வந்ததும், "சர்க்யூட்ல தப்பிருக்காது" என்றான். அவன் பக்கம் பழி வராமல் பார்த்துக்கொள்வதில் நல்ல வேகம்.

"மூணு நாளாக் கரண்டு விட்டு விட்டு வந்து கொடிக்குச் சரியாத் தண்ணி பாயல" என்றார் அக்கா. "நாளைக்கும் பாயலைன்னா அவ்வளவுதான்."

புது சீல் ஒன்றை எடுத்துக்கொண்டு நான், அவன், அக்கா மூன்று பேரும் போனோம். பெட்டியைத் திறந்து அவன் டெஸ்டரை வைத்துவைத்துப் பார்த்தான். எல்லாம் சரி. நான் கயிற்றை இழுத்தேன். கம்பிகள் மேலே வந்தன. கூடவே மஞ்சள் துணி ஒன்றும் வந்தது.

இரண்டு கம்பிகளையும் சேர்த்துச் சுற்றி, மஞ்சளில் நனைத்த துணி இறுக்கக் கட்டியிருந்தது. அதன்மேல் ஒரு முழம் கதம்பம். எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கிணற்றில் தண்ணீர் இறங்கிய பிறகும் ஈரத்துணி இரண்டு கம்பிக்கும் பாலமாக இருந்து, தண்ணீர் இருக்கிறது என்று என் பெட்டிக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாருக்கா கட்டுனது?"

"நாந்தேன். நேத்து வெள்ளிக்கெழம. புதுச் சாமான் கெணத்துக்குள்ள எறங்குது, மஞ்சத்துணி கட்டாம விடுவாகளா? மோட்டாருக்குக் கட்டல? ஏத்தத்துக்கு எங்க மாமனாரு கட்டல?"

சிநேகிதன் வாயைத் திறந்தான். "அதெல்லாம் இதுல கட்டக் கூடாதுக்கா, மில்லுல..."

"ஒங்க மில்லுல ஆயுத பூசைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கல?" என்றேன். அவன் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். நான் அதைச் சும்மா சொல்லவில்லை. கட்டாதே என்று சொன்னால் அக்கா தலையாட்டுவார். அடுத்த வெள்ளிக்கிழமை கை சும்மா இருக்காது. நான் போன பிறகு கட்டுவார். அவர் கட்டினாலும் கெடாத பெட்டியாக இருந்தால்தான் அது பெட்டி.

வாய்க்கால் ஓரத்தில் ஒடிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் கிடந்தன. இரண்டை எடுத்துக் கம்பிகளுக்குச் சட்டை மாதிரி மாட்டினேன். நுனியில் விரல் நீளம் மட்டும் பித்தளை தெரிந்தது. குழாயின் மேல்வாயைத் தாரால் அடைத்தேன். பிறகு அந்த மஞ்சள் துணியை நானே எடுத்துக் குழாயின் மேல் பகுதியில், நனைந்தாலும் பித்தளையைத் தொடாத இடத்தில் கட்டினேன்.

"நுனியில மட்டும் கை வைக்காதக்கா. மத்தபடி கதம்பம், மல்லி, என்ன வேணா கட்டு."

மறுநாள் காலையில் கரண்ட் வந்தது. சீல் புதுசு. அக்கா பொத்தானை அழுத்திவிட்டு, வெற்றிலைக் கூடையோடு கிணற்றடியிலேயே நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"பெரியகுளம் பஸ்ஸு போயிரும்க்கா" என்றேன்.

"நீ இங்கனயே இருப்பியா?"

"இருப்பேன். ஆனா மோட்டாரத் தொட மாட்டேன். அது நின்னாத் தானா நிக்கணும்."

போய்விட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நானும் சிநேகிதனும் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தோம். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, கொடிக்குக் கொடி நின்று குடித்துவிட்டுப் போனது. கிணற்றுக்குள் நீர்மட்டம் ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒரு படி, இரண்டு படி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் கம்பி நுனியை விட்டு இறங்கிய மறுநொடி, பெட்டிக்குள் ஒரு சின்ன சத்தம். ஸ்டார்ட்டர் விழுந்தது. மோட்டார் மூச்சு விட்டு நின்றது. மேலே மஞ்சள் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு அக்கா வந்தார். கூடை காலியாக இருந்தது. வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, கொடிக்காலுக்குள் போய் ஈரமண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். கடைசிப் பாத்தி வரை போய்த் திரும்பி வந்தார். விற்காமல் மடியில் வைத்திருந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு கவுளி, நூறு வெற்றிலைக் கட்டு, எடுத்துக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் போட்டோம்.

அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள், கெங்குவார்பட்டியிலிருந்து வந்தார்கள், குச்சனூர்ப் பக்கமிருந்துகூட ஒருவர் வந்தார். எல்லாப் பெட்டிக்கும் குழாய்ச் சட்டை உண்டு, மஞ்சள் துணிக்கு இடம் உண்டு. சீமையில் படித்து மெஷின் செய்கிற எவனும் மஞ்சள் துணிக்கு இடம் விட்டுச் செய்ததில்லை. நான் செய்தேன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எங்கள் கடைக்கு வரும் கருகிய மோட்டார்கள் குறைந்துவிட்டதில் முதலாளிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்றுச் சிநேகிதனுக்குப் படித்துக் காட்டினேன். அவனைப் பற்றிய இடங்களில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இப்பவாவது ஒத்துக்க, ஒங்க மில்லு சென்சார விட என்னோடது ஒசத்தியா இல்லையா?" என்று கேட்டேன்.

"மீசையத் தடவாமப் பேசு மாப்ளே, அது அங்கனதேன் இருக்கு" என்றான்.