காசிம் மேஸ்திரி போட்ட பரண்

தாராவியில் காசிம் மேஸ்திரியின் கைபடாத சந்து கிடையாது. சுவர் பத்தடி எழும்பிவிட்டால் போதும், நடுவில் பலகை அடித்துப் பரண் போட்டுவிடுவார். கீழே நாலு பேர், மேலே ஐந்து பேர். மேலப்பாளையத்தை விட்டு வந்த இருபது வருஷத்தில், கையகல இடம் வீணானாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய்ப் பதினாலடி உயர அறை கட்டச் சொன்னால் என்ன ஆகும்?

சொன்னவர் பாகீரதி டீச்சர். மாட்டுங்காவிலிருந்து வந்து தாராவிப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவர். எண்பத்தைந்து ஏப்ரலில் வகுப்பின் தகரக் கூரைக்கடியில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அதில் ஒருத்தி மேஸ்திரியின் மகள் ரஷீதா. அதற்கப்புறம்தான் டீச்சர் தாமே படம் வரைந்தார். மின்விசிறி இல்லாமலே குளிரும் அறை. சுண்ணாம்பு பூசிய ஓட்டுக்கூரை, மழைத்தண்ணீருக்குத் தொட்டி, சுவர் உச்சியில் வரிசையாகத் துவாரங்கள். பழைய வகுப்பைவிட ஐந்து டிகிரி குறையாவிட்டால் அறையைச் சாமான் போடும் கிட்டங்கி ஆக்கிவிடுவோம் என்று பள்ளிக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

மறு ஏப்ரலில், வேலை முடியும் நேரம் பார்த்து டீச்சர் காய்ச்சலில் படுத்தார். பத்து நாள் கழித்து, கமிட்டி வரும் நாளன்று காலையில்தான் வந்து கதவைத் திறந்தார். பாராட்டு வாங்க மேஸ்திரி பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்.

"அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேள் பாய்!"

"உசரம் சும்மால்லா கெடந்துச்சு டீச்சர். இனாமாப் பரண் போட்டுட்டேன். இன்னும் அம்பது பிள்ளைய உக்காரலாம். உச்சில ஓட்டைய வேற விட்டிருந்திய, மழ அடிக்கும்னு தகரம் வச்சு அடச்சிட்டேன்."

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. வெப்பமானியைக் காட்டினார். பழைய வகுப்பில் முப்பத்தைந்து, இங்கே முப்பத்துநாலு.

"சூடு மேலதான் போகும் பாய். அது வெளியே போகத்தான் அந்த உயரம், அந்த ஓட்டை. வழியை அடைச்சுட்டேளே! மூணு மணிக்குக் கமிட்டி வரா."

என்ன கதை விடுகிறார் டீச்சர் என்று மேஸ்திரி பரண்மேல் ஏறி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, சட்டை தொப்பலாகிவிட்டது. மூச்சு முட்டியது. யா அல்லாஹ்! முழங்கால் வலி என்று ஆறு வருஷமாக வீட்டில் அவர் பரண் ஏறியதே இல்லை. ரஷீதா அங்கேதான் படிக்கிறாள், அங்கேதான் படுக்கிறாள். "மேல புழுங்குது வாப்பா" என்று அவள் சொன்னபோதெல்லாம், "பம்பாய்னா புழுங்கத்தாம்மா செய்யும்" என்று வாயை அடைத்தவர் அவர்தான்.

இறங்கியதும் கடப்பாரையைத் தூக்கினார். சோறு தண்ணீர் இல்லாமல் பலகை பலகையாகப் பெயர்த்தார், தகரங்களைப் பிடுங்கினார். மூன்று மணிக்குப் பழைய வகுப்பில் முப்பத்தேழு. புது அறையில் முப்பத்திரண்டு. கமிட்டிக்காரர்கள் வெப்பமானியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போனார்கள்.

டீச்சர் கூப்பிடக் கூப்பிட நிற்காமல், மேஸ்திரி கடப்பாரையோடு நேரே வீட்டுக்குப் போய்ப் பரண் ஏறி, சுவர் உச்சியில் ஓங்கிப் போட்டார். மனைவி நஸீரா அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நல்லாருக்க சொவர எதுக்கு இடிக்கிய?"

"ஆறு வருசமாப் பிள்ள இங்கன வெந்துருக்கா நஸீரா. நான் கீழ கெடந்து உறங்கியிருக்கேன்."