மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்

கணவன் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டதால், நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவளுக்கு வாரிசு வேலை கிடைத்தது. ஆபீசில் காகிதம் அடுக்கச் சொன்னார்கள். "அவரு பார்த்த வேலையே குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வால்வு திறக்கிற வேலை. நெஞ்சு உயரத்துக்கு டி வடிவில் ஒரு இரும்புச் சாவி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலையில் கிளம்பினால் பத்தொன்பது வால்வுக் குழிகள். மூடியை நெம்பித் தூக்கி, சாவியை இறக்கி, சுற்ற வேண்டும். முதல் மாதம் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. பதினோரு வருஷத்தில் அந்தப் பகுதிக்கே அவள் சாவியக்கா ஆகிவிட்டாள்.

மேட்டுத் தெருதான் எப்போதும் தலைவலி. ஏற்றத்தில் இருப்பதால் தண்ணீர் தானாக மேலே போகாது. கீழே உள்ள மூன்று வால்வுகளைப் பாதி அடைத்தால்தான் அழுத்தம் கூடி, அந்தத் தெருக் குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீர் விடும்.

எல்லையில் சண்டை மூண்ட வருஷம், டீக்கடையில்கூட ஆளைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வீடு கொடி கட்ட வேண்டும் என்று தேசபக்தர் குழு ஒன்று கிளம்பியது. அதன் செயலாளர் சாவியக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஜெராக்ஸ் கடைக்காரன். கடைக்கு வந்த கூட்டத்தைவிடக் குழுவுக்கு வந்த கூட்டம் அதிகம்.

மேட்டுத் தெருவில் மட்டும் யாரும் கட்டவில்லை. சண்டை வேண்டாம் என்று ஊர்வலம் போன அந்தத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் காவலில் இருந்தார்கள். அவர்கள் வீடு திரும்பும்வரை கொடி கிடையாது என்று தெருவே கூடி முடிவெடுத்துவிட்டது. சாவியக்காவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவள் வீட்டு மாடியில் குழு பிறப்பதற்கு முன்பிருந்தே கொடி இருந்தது.

"பிள்ளைங்களப் பிடிச்சது போலீசு. கொடி உங்களை என்ன பண்ணுச்சு?" என்று அந்தத் தெருத் தையல்காரரிடம் கேட்டாள். காவலில் இருந்தவர்களில் ஒருவன் அவர் மகன்.

"போலீசு வண்டியில எந்தக் கொடி பறந்துச்சுக்கா?" என்றார் அவர்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் உதவிப் பொறியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எதிர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"மேட்டுத் தெரு விஷயமா மேல பேசியாச்சும்மா. நீங்க எதையும் மூட வேணாம். கீழ் வால்வ அடைக்காம சும்மா இருந்தா போதும்" என்றார் பொறியாளர்.

"அடைக்கலன்னா அங்க சொட்டுத் தண்ணி ஏறாதுங்க சார்."

"அதுக்குத்தான்க்கா" என்றான் தம்பி. "நாட்டுத் தண்ணி குடிச்சிட்டு நாட்டுக் கொடி வேணாம்னா எப்படி? நாலு நாள் காஞ்சா தானா கட்டுவாங்க."

அவள் பொறியாளரையே பார்த்தாள். "இதை எழுதிக் குடுத்துடுங்க சார். இன்ன காரணத்தால இந்தத் தெருவுக்குத் தண்ணி விட வேண்டாம்னு ரெண்டு வரி. கீழ உங்க கையெழுத்து."

"இதுக்கெல்லாம் எழுத்து எதுக்கும்மா?"

"நாட்டுக்குச் செய்யிற நல்ல காரியம்னா எழுத ஏன் சார் பயப்படுறீங்க?"

மறுநாள் வழக்கம்போல மூன்று வால்வுகளையும் பாதி அடைத்தாள். மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்தது. அன்று மாலையே சாவியைப் பிடுங்கி ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த நாள் பிளம்பரிடம் பெரிய பைப் ரெஞ்சு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். குழிக்குள் இடுப்பு வரை இறங்கி, சேற்றில் நின்றபடி ஒவ்வொரு சுற்றாகத் திருப்பினாள். ஒரு வால்வுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்றாவது குழியிலிருந்து ஏறியபோது குழு ஆட்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா எடுங்க" என்றாள். "முகம் தெரியிற மாதிரி எடுங்க."

மறுநாள் அவள் வீட்டுச் சுவரில் துரோகி என்று ஆளுயர எழுத்து. அண்டைவீட்டுக்காரி சுண்ணாம்பு வாளியோடு வந்தாள். சாவியக்கா தடுத்துவிட்டாள். "எழுதினவனே வந்து அழிக்கட்டும்."

விசாரணையில் மூன்று அதிகாரிகள். உத்தரவை மீறியதாகக் குற்றச்சாட்டு. எந்த உத்தரவு, காட்டுங்கள் என்று கேட்டாள். காகிதங்களை இப்படியும் அப்படியும் புரட்டினார்கள். கடைசியில் நடுவில் இருந்தவர், "உங்களுக்கு நாட்டுப்பற்று இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"இருக்குங்க சார். அது எந்த வீட்டுக் குழாயையும் அடைக்கச் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச நாடு அந்தப் பத்தொன்பது குழிதான். அதுல ஒண்ணு மட்டும் நம்ம நாடு இல்லன்னு சொல்ல உங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். வெள்ளைத் தாளை அப்படியே திருப்பித் தந்தாள். ஊர்க்கோடியில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். ஆனால் விஷயம் பத்திரிகைவரை போய்விட்டதால், மேட்டுத் தெருவில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. புதிதாக வந்த வால்வுக்காரருக்கு எந்த மூன்று வால்வு, எத்தனை சுற்று என்று அவளே கூட நடந்து காட்டிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரரும் தெருக்காரர்கள் ஐந்தாறு பேரும் வந்தார்கள். அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்கப் போகிறார்களாம், மேடைக்கு வர வேண்டுமாம். தையல்காரர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "எங்க பக்கம் நிக்கிறீங்கன்னு ஊருக்குத் தெரியணும்க்கா. மாடியில இருக்கிற கொடிய ஒரு நாளைக்கு மட்டும் எறக்கி வச்சா..."

"நான் உங்க பக்கம்னு யார் சொன்னது?" என்றாள். "என் வேலை, தண்ணி விட்டேன். கொடி என்னோடது. எந்தக் குழுவும் குடுத்ததில்ல, நீங்க சொல்லி எறக்கவும் மாட்டேன். உங்க பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்ற அன்னைக்குச் சொல்லுங்க, கூட வந்து நிக்கிறேன். அது வேற."

வந்தவர்களில் இருவர் முகம் சுளித்து எழுந்துவிட்டார்கள். தையல்காரர் மட்டும் வழக்கு தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை புது இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நேராகப் போய் அதே பெஞ்சில், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவன் எழுந்து போகவில்லை.