தாக்குதல் பயிற்சியாளருக்கு நான் போட்ட அறுபத்திரண்டு

யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் என் சிவப்புப் பேனையிடமிருந்து எழுபது வாங்குவது லேசான காரியமல்ல. அந்தக் கைப்பழக்கமும் என்னோடு விமானம் ஏறி நியூசிலாந்தின் ஓக்லண்டுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் மனுகாவில் ஒரு கல்லூரியில் படித்தாள். அங்கே உதைபந்தாட்ட அணிக்கு இரண்டு பயிற்சியாளர்கள், தடுப்புக்கு ஒருவர், தாக்குதலுக்கு ஒருவர். தாக்குதல்காரரை மதிப்பிடும் மூவரில் பெற்றார் பக்கத்து ஆளாக என்னைப் போட்டார்கள். அவர் மன்னார் ஆள். பகலில் பென்ரோஸில் ஒரு பண்டசாலையில் பெட்டி தூக்குவார், பின்னேரம் பெடியளோடு மைதானத்தில் நிற்பார். மூவரும் மெச்சினால் பாடசாலையிலேயே முழுநேர வேலை, ஒருவர் தயங்கினாலும் இல்லை என்று அதிபர் சொல்லியிருந்தார். பெட்டி தூக்கித் தூக்கி அந்த மனுசனின் முதுகு போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

மூன்று சனிக்கிழமை மழையில் நனைந்து பார்த்தேன். ஆள் சூரன்தான். பந்தை வலப்பக்கத்தால் கொண்டுபோகவிட்டு, எதிரணி முழுக்க அங்கே ஓடிவந்ததும் சட்டென்று இடப்பக்கம் மாற்றி அடிக்கவைப்பார். மூன்றாம் ஆட்டத்தில் எதிரணி அதைப் பிடித்துக்கொண்டது. வேறு வழி யோசிக்க அவருக்கு இடைவேளை வரை எடுத்தது. அதற்குப் புள்ளி குறைத்தேன். தன் இனத்தானுக்கு அள்ளிக் கொடுத்தான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அறுபத்திரண்டு. எங்கள் ஊரில் அது திறமைச் சித்தி, அயலுக்கெல்லாம் ரொபி, இனிப்பு என்று கொடுத்துக் கொண்டாடுகிற புள்ளி!

கூட்டத்தில் மற்ற இருவரும் தொண்ணூறும் எண்பத்தெட்டும் போட்டிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. இந்த ஊரில் புள்ளியை இப்படியா இறைப்பார்கள்?

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "அறுபத்திரண்டா? அவரில் உங்களுக்குப் பெரிய குறை ஏதும் தெரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஐயோ, அது நல்ல புள்ளி ஐயா என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால், தன் ஆளுக்காக வழிகிறான் என்று நினைப்பார்களே! அதிபரும் மற்ற இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவனமாகப் பார்த்துத்தான் போட்டேன்," என்றேன்.

அதிபர் எதையோ எழுதினார். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், மடையன்.

வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு கிழமை கழித்துப் பென்ரோஸ் பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். பண்டசாலை மேலங்கியோடு ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றார். ஒளிய இடமில்லை.

"தம்பி, அந்த அறுபத்திரண்டு..." என்று தொடங்கினேன்.

"எனக்கு விளங்குது மாஸ்டர், மார்க்ஸை அதிபர் காட்டினவர்," என்று சிரித்தார். "ஊர்க் கணக்குக்கு அது நல்ல மார்க்ஸ். சோதினையிலை நான் ஒருக்காலும் அவ்வளவு எடுக்கேல்லை." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அதை அவையளுக்கும் விளங்கப்படுத்தினனீங்கள்தானே?"

"ஓம் தம்பி, சொன்னனான்," என்றேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உபகாரம், மாஸ்டர்," என்றார்.